வெள்ளை மூலை

மேனகாவின் கைக்குப் பேண்டேஜ் சுற்றும்போது ஸ்பிரிட் வாசனை வரும். காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. முத்தியால்பேட்டையில் ஒரு லேபில் சம்பளம். ஊரில் சர்க்கரை இருக்கிறவர்களில் பாதிப் பேர் அவளுக்குப் பழக்கம். வலிக்காமல் எடுக்கிற பெண் என்று பேர். அதே கையில் விரல் கணுக்களுக்குக் குறுக்காக மூன்று சுற்று, கட்டைவிரலுக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஐந்து என்று நான் துணி சுற்றுவேன். இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டால் முஷ்டியை மடக்கி விரித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை நோயாளிகளிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில் "சரியா இருக்குணா" என்பாள். போன வருடம் மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியின் இறுதிச் சுற்று அன்று, உப்பளம் உள்விளையாட்டரங்கில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து அப்படித்தான் சுற்றினேன். அன்று அவள் எதிர்ப்பக்கம் துண்டைப் போர்த்திக்கொண்டு குதித்துக்கொண்டிருந்த எதிராளி பூர்ணிமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயிக்கிறவளுக்கு மெடல் ஒன்று கொடுப்பார்கள். அது அலமாரியில் கிடந்து கறுத்துப்போகும். மேனகாவுக்கு வேண்டியது அதற்குப் பிறகு கொடுக்கிற நீல நிற டிராக் சூட். முதுகில் வெள்ளை எழுத்தில் புதுச்சேரி என்று போட்டிருக்கும். அதைப் போட்டுக்கொண்டுதான் தேசியப் போட்டிக்கு ரயில் ஏறுவார்கள். மூன்று வருடம் இறுதிச் சுற்று வரை வந்து, மூன்று வருடமும் வேறு யாரோ அதைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தவள் அவள். ஒரு தடவை, ஜெயித்த பெண்ணின் சட்டை முதுகில் மடிந்திருந்ததை இவளே போய் நீவிவிட்டாள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இவளுக்கு அப்படி எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயர் புருஷோத்தமன். பகலில் பெரிய மார்க்கெட்டில் வெங்காய மூட்டை இறக்குகிறவன். சாயங்காலம் குருசுக்குப்பத்தில் எங்கள் பாக்ஸிங் கிளப். ஒரு காலத்தில் நானும் சண்டை போட்டவன்தான், மூக்கைப் பார்த்தாலே தெரியும். இப்போது வாளி, தண்ணீர், பஞ்சு, வாசலைன், பேண்டேஜ் எல்லாம் என் இலாகா. கோச் மதிவாணன் என் வயசுக்காரன், என் கூடவே ஆடியவன். பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். எல்லோரும் அவனை மாஸ்டர் என்பார்கள், நான் மதி என்பேன். எல்லோர் எதிரிலும் அப்படிக் கூப்பிடாதே என்று பதினைந்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கிளப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மூடிப்போன ஐஸ் பேக்டரியின் கொட்டகை. கடல் காற்றில் சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும், ஆணி அடித்தால் ஆறு மாதத்தில் துருப்பிடித்து விழும். ஆனால் உள்ளே வருகிற ஆட்களைப் பார்க்க வேண்டும். கொளஞ்சி என்று ஒரு கொத்தனார். பஞ்ச் பேக்கைப் போட்டுப் புரட்டி எடுத்துவிட்டு, அது ஆடாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து நிறுத்திய பிறகுதான் நகர்வார். வேலை முடிந்தால் சாமானை ஒழுங்காக வைத்துவிட்டுப் போக வேண்டாமா என்பார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கிற கோவிந்தசாமிக்கு ஐம்பத்து மூன்று வயசு. ஒன்பது வருடமாக வருகிறார். இதுவரை ஒருவரையும் குத்தியதில்லை, ஒருவரிடமும் குத்து வாங்கியதில்லை. கண்ணாடி முன்னால் நின்று தன்னோடு தானே மூன்று ரவுண்டு ஆடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். யார் ஜெயித்தது என்று கேட்டால் டிரா என்பார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த அந்துவான் ஐயா, இந்த ஊரில் சொல்தா என்போம், ஸ்கிப்பிங் எண்ணிக்கை பார்ப்பார். அன், தெ, த்ருவா என்றுதான் எண்ணுவார். எங்கள் கிளப் பிள்ளைகள் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்டாலும் பிரெஞ்சில் நூறு வரை தடங்கல் இல்லாமல் எண்ணும்.

வெளியில் பேட்டைக்குப் பேட்டை முறைத்துக்கொள்கிறவர்கள் இங்கே ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிப்பார்கள். ஒருவனுடைய உதட்டைக் கிழித்தவனே அவனை வண்டியில் வைத்து வீட்டில் கொண்டுபோய் விடுவான், அவன் அம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொள்வான். பார்க்கிறவர்களுக்கு இது அடிதடி. எனக்கு இதைவிட மரியாதையான இடம் இந்த ஊரில் வேறு தெரியாது. இதில் எனக்குப் பெருமைதான், மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் கிளப்புக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பயிற்சிச் சண்டையில் யாராவது விழுந்தால், விழவைத்தவர்தான் தூக்க வேண்டும். மற்ற யாரும் ஓடக் கூடாது. கிட்டே போய், குனிந்து, அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து நிமிர்த்தி, "ஒண்ணும் இல்லியே" என்று கேட்க வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் அடுத்த குத்து. இதைக் கொண்டுவந்தவன் நான். முன்பு சாமிக்கண்ணு என்று எனக்கு ஒரு சினேகிதன் இருந்தான். என்னைவிட நன்றாக ஆடுவான். ஒரு நாள் பயிற்சியில் என் வலது கை அவனுக்குச் சரியாக விழுந்துவிட்டது, மல்லாந்துவிட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தில் நான் திரும்பிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தேன். அண்ணாந்து, நிதானமாக, ஒரு பாட்டில் முழுக்க. திரும்பிப் பார்த்தபோது அவன் கிளவுஸைக் கழற்றிப் பெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் வரவேயில்லை. இப்போது அவனும் மார்க்கெட்டில்தான் இருக்கிறான், வாழைக்காய் மண்டியில். இருபது வருடம் ஆகிறது, எதிரெதிரே வந்தால் ஒருவன் பாதையை மாற்றிக்கொள்கிறோம். மூன்றாவது ஆளிடம் அவன் சொன்னதாக ஒரு வார்த்தை என் காதுக்கு வந்தது: "அவன் அடிச்சது பரவால்ல. முதுக காட்டிட்டான்." அந்த வாரமே மதியிடம் சண்டை பிடித்து இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தேன். இன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட யாரும் சொல்லாமலே செய்யும்.

போன வருட இறுதிச் சுற்றுக்கு வருகிறேன். பூர்ணிமா உழவர்கரைப் பக்கத்துப் பெண், வேறு கிளப். மேனகாவைவிட ஐந்து வயசு சின்னவள், உயரமும் கை நீளமும் அதிகம். முதல் ரவுண்டு அவளுக்கு, இரண்டாவது மேனகாவுக்கு. மூன்றாவதில் பாதி போன பிறகு மேனகா அவள் கைக்குக் கீழே புகுந்து, பக்கவாட்டில் வளைந்து வருகிற இடது ஹூக் ஒன்றைத் தாடையில் வைத்தாள். பூர்ணிமா முதலில் உட்கார்ந்தாள், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தாள். நானும் மதியும் எழுந்து நின்றுவிட்டோம்.

ரிங்குக்கு நான்கு மூலை. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று. மற்ற இரண்டும் வெள்ளை, யாருக்கும் சொந்தமில்லாதவை. எதிராளி விழுந்தால் விழவைத்தவர் வெள்ளை மூலைக்குப் போய் நின்றாக வேண்டும். அவர் போய் நிற்கிற வரை ரெஃபரி எண்ணத் தொடங்க மாட்டார். நின்ற பிறகு பத்து எண்ணுவதற்குள் விழுந்தவர் எழாவிட்டால் ஆட்டம் முடிந்தது. இது மேனகாவுக்கும் தெரியும், கேட்டால் ஒப்பிப்பாள். ஆனால் அவள் பாயின்ட் சேர்த்து ஜெயிக்கிற ஆள். போட்டியில் அதுவரை யாரையும் கீழே விழவைத்ததில்லை. அவள் விழவைத்தது எல்லாம் எங்கள் கொட்டகையில்தான்.

மேனகா இரண்டடி முன்னால் போனாள். குனிந்தாள். பூர்ணிமாவின் அக்குளுக்குக் கீழே இரண்டு கிளவுஸையும் கொடுத்தாள். "ஒண்ணும் இல்லியே" என்று அவள் கேட்டது, பல்லில் காப்பு ரப்பர் இருந்தும், கீழே நின்ற எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

ரெஃபரி கார்னர், கார்னர் என்று கத்தினார். இவள் காதில் விழவில்லை. தோளைப் பிடித்து இழுத்து, வெள்ளை மூலையைக் கை நீட்டிக் காட்டி, அவளைக் கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து ஒன் என்று சொல்லும்போது பூர்ணிமா ஒரு முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள். அதற்குள் ஏழெட்டு விநாடி போயிருக்கும். எழுந்துவிட்டாலும் எட்டு வரை எண்ண வேண்டும் என்பது சட்டம், எண்ணிவிட்டு ஆட்டத்தைத் தொடரவிட்டார். தொடர்வதற்கு முன்னால், விழுந்தவரைத் தொட்டதற்காக மேனகாவுக்கு எச்சரிக்கை, ஒரு பாயின்ட் குறைப்பு. அரங்கில் முதலில் சிரித்தார்கள், பிறகு கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். கடைசியில் ஐந்து நடுவர்களில் மூன்று பேர் பூர்ணிமாவுக்குக் கொடுத்தார்கள், இரண்டு பேர் மேனகாவுக்கு. அந்த ஒரு பாயின்ட்டைக் கூட்டிப் பார்க்கிற திறமை எனக்கும் உண்டு. அன்றிலிருந்து தினம் கூட்டிப் பார்த்தேன்.

நான் மேனகாவின் கை பேண்டேஜை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது பூர்ணிமா அங்கே வந்தாள். நீலச் சட்டை இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே அவள் கக்கத்தில் இருந்தது.

"அக்கா, எதுக்குக்கா என்ன தூக்குன?"

"பழக்கம்மா" என்றாள் மேனகா.

"எங்க கிளப்புல உழுந்தா சிரிப்பாங்க."

அவள் போன பிறகு நான் வாயைத் திறந்தேன். என்னால்தான் இப்படி ஆயிற்று, அந்தப் பழக்கத்தை நான் கொண்டுவந்திருக்கக் கூடாது என்று ஏதோ உளற ஆரம்பித்தேன். மேனகா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பேண்டேஜ் பாதி அவிழ்ந்து இரண்டு பேருக்கும் நடுவில் தொங்கியது.

"அண்ணா, அது தப்புன்னு மட்டும் சொல்லிடாத. சட்டதான் போச்சு. அதுவும் தப்புன்னா எனக்கு இன்னா மிச்சம்?"

மறுநாள் கொட்டகையில் மதி எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினான். இனிமேல் யார் விழுந்தாலும் யாரும் தூக்கக் கூடாது, விழவைத்தவர் நேராக மூலைக்குப் போக வேண்டும், கிளப் சட்டம் என்றான். ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளில் அடித்துக்கொண்டும் வந்திருந்தான். நான் முடியாது என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கத்தினோம். கொளஞ்சி, "வூட்ட கட்டி முடிச்சப்புறம் அஸ்திவாரத்த மாத்தணும்ன்றீங்களே மாஸ்டர்" என்றார். கோவிந்தசாமி, தனக்கு இதில் தனிப்பட்ட சம்பந்தம் இல்லை, கண்ணாடியில் இருப்பவன் இதுவரை விழுந்ததில்லை என்றார். பிள்ளைகள் சிரித்தன. மதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்கத் தாளை மடித்தான். அப்போது மேனகா எழுந்து நின்றாள்.

"மாஸ்டர், இங்க தூக்கறது தூக்கறதாவே இருக்கட்டும். அங்க எப்பிடி நிக்கணும்னு எனக்கு மட்டும் சொல்லிக்குடுங்க. இன்னும் ஒரு வருசம் ஆடறேன். அடுத்த வருசத்திலேர்ந்து லேப்ல சாயங்கால ஷிப்டும் சேத்துப் பாக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அம்மாவால இனிமே மீன் கூடைய தூக்கிக்கினு மார்க்கெட்டுக்குப் போக முடியாது. இதான் கடைசி."

கடைசி என்று அவள் சொன்னதைக் கேட்ட பிறகு மதி தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

அப்படித்தான் நான் விழ ஆரம்பித்தேன். நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் யாராவது விழ வேண்டுமே. பிள்ளைகளை விழச் சொன்னால் அவள் மனசு கேட்காது, மதிக்கு இடுப்புப் பிடிப்பு, மிச்சம் நான். தினம் பயிற்சி முடிந்த பிறகு கையில் குத்து வாங்குகிற பேட் மாட்டிக்கொண்டு ரிங்கில் நிற்பேன். அவள் நான்கைந்து குத்துக் குத்துவாள், மதி கைதட்டியதும் நான் விழ வேண்டும், அவள் வெள்ளை மூலைக்குப் போக வேண்டும், அந்துவான் ஐயா பிரெஞ்சில் எண்ணுவார். முதல் வாரம் முழுக்க அவள் என்னிடமே வந்தாள். பாதி தூரம் வந்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடுவாள். ஒரு நாள் மதி அவள் இடுப்பில் ஸ்கிப்பிங் கயிற்றைக் கட்டி மறு முனையை மூலைக் கம்பத்தில் கட்டினான். மேனகா கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து என்னைத் தூக்கினாள். துருப்பிடித்த கம்பம்.

நான் விழுவதில் நல்ல தேர்ச்சி அடைந்தேன். மல்லாந்து விழுவேன், மண்டியிட்டு விழுவேன், கயிற்றில் சாய்ந்து வழுக்கி விழுவேன். ஒரு சாயங்காலத்தில் இருபது முறை. பகலில் மூட்டை, சாயங்காலம் தரை. என் மனைவி மாலா முதுகுக்குத் தைலம் தேய்க்கும்போது, அடி வாங்குகிற வயசில் நிறைய வாங்கினாய், இப்போது சும்மாவே விழுகிறாயே, இதற்கு ஏதாவது பட்டம் தருவார்களா என்று கேட்டாள். மூன்று மாதத்தில் மேனகாவுக்கு வந்துவிட்டது. நான் விழுந்ததும் திரும்பி, ஆறு எட்டில் வெள்ளை மூலைக்குப் போய், இரண்டு முழங்கையையும் மேல் கயிற்றில் மாட்டிக்கொண்டு நிற்பாள். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அப்படித் திருப்பக் கூடாது, எதிராளியைப் பார்க்க வேண்டும் என்று மதி சொன்னான். அதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

ஆடி மாதத்தில் ஒரு நாள். மார்க்கெட்டில் அன்று இரண்டு லாரி சரக்கு, மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. பத்தாவதோ பதினோராவதோ முறை விழ வேண்டிய நேரம். மதி கைதட்டவில்லை. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கொட்டகைக் கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழுந்தேன். பின்மண்டை பலகையில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. கண்ணைத் திறந்திருந்தேன் என்று நினைக்கிறேன், ஆனால் வாய் வரவில்லை. அந்துவான் ஐயா எண்ணத் தொடங்கினார். அன். தெ. த்ருவா. மதி ஏதோ சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். புருஷோத்தமன் இன்றைக்குப் பிரமாதமாக விழுந்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். தலையைத் திருப்ப முடிந்தது. மூலையில் மேனகா கயிற்றில் கையை மாட்டிக்கொண்டு, மதி சொல்லிக்கொடுத்தபடி, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்துவான் ஐயா எட்டு வரை எண்ணினார். உருப்படியாகக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. மனசு விட்டுப்போயிற்று. எண்ணி முடித்த பிறகு கொளஞ்சிதான் முதலில் ஓடி வந்தார், அப்புறம் எல்லோரும் வந்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள், சர்க்கரை கரைத்துக் கொடுத்தார்கள். உட்கார்ந்து பார்த்தபோது மேனகாவைக் காணோம். வெளியே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான்கு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் காலை ஆறு மணிக்கு மார்க்கெட்டில், நான் லாரிக்குக் காத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தபோது, தோளில் லேப் பையோடு வந்து நின்றாள். நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு ஏதாவது குடித்தாயா என்றாள். இல்லை என்றேன். பக்கத்து மூட்டையில் உட்கார்ந்து, பையைத் திறந்து, என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ரப்பர் குழாயைக் கட்டினாள்.

"கைய மூடுணா."

மூடினேன். ஊசி ஏறியதே தெரியவில்லை. உண்மையில் நல்ல கை. ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அன்னிக்கு நீ நெஜமாதான் உழுந்தன்னு எனக்குத் தெரியும்ணா."

நான் லாரி வருகிற பக்கம் பார்த்தேன்.

"மாஸ்டர் கைதட்டலியே. ஒம் மொகத்த பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு. தினம் எத்தினி பேரு எங் கைல மயங்கி உழறாங்க. தெரிஞ்சும் நின்னேன். இப்ப போனா அங்கியும் போயிடுவேன், எட்டு எண்ணட்டும்னு நின்னேன்." ஊசியை எடுத்துவிட்டுப் பஞ்சை வைத்து என் கையை மடக்கினாள். "எட்டு எண்ணி முடிச்சப்புறம் ஒங்கிட்ட வர்றதுக்கு எனக்கு மொகம் இல்ல."

பரவாயில்லை, அதுதானே வேண்டும், அப்படித்தான் நிற்க வேண்டும் என்றேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் குழாயில் என் பேரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துவிட்டு, இன்று சாயங்காலம் வருகிறேன் என்றாள். எனக்குச் சர்க்கரை இருந்தது. நூற்று எண்பது. அன்றிலிருந்து மாலாவும் மேனகாவும் சேர்ந்துகொண்டு என் டீயில் கை வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னை விழச் சொல்லவில்லை. கற்க வேண்டியதைக் கற்றாகிவிட்டது என்று மதி சொன்னான்.

கொட்டகையில் பழக்கம் பழையபடியே இருந்தது. விழுந்தால் விழவைத்தவர் தூக்கினார். மேனகாவும் தூக்கினாள். ஆனால் நான் கவனித்தேன், குனிவதற்கு முன் ஒரு கணம் நின்றாள். முன்பு அந்த ஒரு கணம் இருந்ததில்லை. தான் எங்கே இருக்கிறோம் என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வாள், அப்புறம்தான் குனிவாள். பிள்ளைகள் யாரும் இதைக் கண்டதாகத் தெரியவில்லை.

இந்த வருட இறுதிச் சுற்று போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அதே அரங்கு, எதிரில் அதே பூர்ணிமா. ஒரு வருடத்தில் தோள் அகன்றிருந்தாள், தேசியப் போட்டிக்குப் போய்வந்த தெம்பு நடையிலேயே தெரிந்தது. எங்கள் கிளப்பிலிருந்து வேனில் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கோவிந்தசாமி கோர்ட்டுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். மேனகாவின் அம்மா தையல்நாயகி முன் வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் அடி வாங்குவதை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முதல் ரவுண்டு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக அப்புறம் சொன்னார்கள்.

முதல் ரவுண்டு பூர்ணிமாவுக்குப் போயிற்று. இரண்டாவதும் அவளுக்குத்தான் போயிருக்கும், மதி என்னிடம் சொல்லாவிட்டாலும் அவன் துண்டை முறுக்கிய விதத்தில் தெரிந்தது. நான் மேனகாவின் வாயிலிருந்து ரப்பரை எடுத்துக் கழுவினேன். மூச்சு வாங்கியது. இடது புருவத்துக்கு மேல் வீங்கியிருந்தது. பாயின்ட்டில் இனி எட்ட முடியாது, விழவைத்தால்தான் உண்டு என்று மதி மெதுவாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டாள்.

மூன்றாவது ரவுண்டில் கடைசி ஒரு நிமிஷம். மேனகா இரண்டு குத்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாங்காமல் போக வழியில்லை. வயிற்றில் ஒன்று வைத்தாள், பூர்ணிமாவின் கை கீழே இறங்கியது, இடது ஹூக் மேலே போனது. போன வருடத்தைவிடப் பெரிய குத்து. பூர்ணிமா உட்காரவில்லை, நேராகப் பின்னால் போய் விழுந்தாள். அரங்கே எழுந்தது.

மேனகா திரும்பினாள். ஆறே எட்டு வைத்தாள். எங்கள் மூலைக்கு வலது பக்கத்து வெள்ளை மூலையில் போய் நின்று, இரண்டு முழங்கையையும் மேல் கயிற்றில் மாட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல், விழுந்து கிடந்தவளைப் பார்த்தாள். மதி என் தோளைப் பிடித்து நசுக்கினான். பின்னால் எங்கள் பிள்ளைகள் ரெஃபரியோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள், பிரெஞ்சில்.

பூர்ணிமா மூன்றில் புரண்டாள். நான்கில் ஒரு கையை ஊன்றினாள், கை மடங்கியது. மறுபடி ஊன்றினாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத முகம். அவள் கண் யாரையோ தேடியது. போன தடவை தன்னைத் தூக்கியவளைத்தான் தேடினாள் என்று இன்னும் எனக்குத் தோன்றுகிறது, நான் அப்படி நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. அவள் எழக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். எழுந்துவிடம்மா என்றும் வாய் முணுமுணுத்தது. இரண்டும் என் வாய்தான்.

ரவுண்டு நடக்கும்போது கீழே இருக்கிறவர்கள் கயிற்றைத் தொடக் கூடாது. நான் எப்போது மேடையோரம் போனேன் என்று எனக்குத் தெரியாது, என் கை அடிக் கயிற்றின் மேல் இருந்தது. மதி அதைப் பார்த்தும் விட்டுவிட்டான். அவள் மூலை வரை மேலும் கீழுமாக ஓடுகிற நான்கு கயிற்றையும் துணிப்பட்டை போட்டுச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், மேல் கயிற்றில் நடப்பது அடிக் கயிறு வரைக்கும் வரும். ரெஃபரி சிக்ஸ் என்றார். மேனகா அசையவில்லை. பார்க்கிற யாருக்கும் அவள் சிலை மாதிரிதான் தெரிந்திருப்பாள். ஆனால் என் உள்ளங்கைக்குக் கீழே கயிறு, இன்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைத்த பஸ்ஸின் ஜன்னல் கம்பி போல, விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. செவன் என்றார். நான் இன்னொரு கையையும் எடுத்து வைத்து, இரண்டு கையாலும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.